புது பலகைய பழசாக்குற சாமான்கள்: எதுக்கு காசு குடுக்கலாம், எது தண்டம்

நேரா தீர்ப்ப சொல்லிடறேன், முழுசா படிக்க பொறுமை இல்லாதவங்க இதோட கெளம்பிடலாம். புது மரத்துக்கு பழைய லுக் வரணும்னா மொதல்ல காசு போட வேண்டியது கம்பி பிரஷ்லதான், டிரில் மெஷின்ல மாட்டுறதுக்கு ஒண்ணு, கைல தேய்க்க ஒண்ணு. அடுத்தது கலருக்கு, நாட்டு மருந்து கடைல கடுக்காய் பொடியும் அன்னபேதிங்கிற இரும்பு உப்பும். ஆன்லைன்ல 'வெதர்டு கிரே', 'ஏஜிங் சொல்யூஷன்'னு அழகா லேபிள் ஒட்டி விக்கிற பாட்டில் கடைசி, அது வாங்காட்டியும் ஒண்ணும் கொறஞ்சிடாது.

கிச்சன்ல டப்பா அடுக்க ஓப்பன் ஷெல்ஃபும் ஹால் ஜன்னலோரம் ஒரு பெஞ்சும் வேணும்னு ரொம்ப நாள் ஆச. இசிஆர் பக்கம் கஃபேங்கள்ல பாத்திருப்பீங்களே, சாம்பல் கலர்ல ரேகை ரேகையா எழும்பி நிக்கிற பலகை, அந்த மாதிரி. பர்னிச்சர் கடைல கேட்டா 'ரஸ்டிக்'னு ஒரு வார்த்தைய முன்னாடி சேத்துட்டு தேக்கு வெலை சொல்றாங்க, உள்ள இருக்கிறது என்னவோ பைன்தான். அம்மா கிட்ட சொன்னா, "பழசு மாதிரி வேணும்னா எதுக்குடி புதுசு வாங்குற, ஊர்ல பரண் மேல எத்தன பலகை கெடக்கு"ன்னாங்க. நியாயமான கேள்விதான், ஆனா அத எறக்க ஆள் புடிக்கணும், கரையான் தின்னது போக மிச்சம் எவ்ளோன்னு பாக்கணும், சென்னைக்கு கொண்டு வர்ற செலவு பலகை வெலைய தாண்டிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைங்கள்லயும் விசாரிச்சு பாத்தேன், செட்டிநாட்டு வீட்டு பர்மா தேக்குன்னா அதுக்கு ஒரு தனி வெலை, கிச்சன்ல மொளகாத்தூள் டப்பா வைக்க அது அதிகம். அதனால நானே பண்ணிக்கலாம்னு எறங்கிட்டேன்.

பிரஷ் பத்தி பேசுறதுக்கு முன்னாடி பலகை. இது தப்பா போச்சுன்னா மீதி எதுவும் வேலைக்கு ஆகாது. பைன்தான் வாங்கணும். பைன்ல வளையம் வளையமா ரெண்டு கலர் தெரியும் இல்ல, வெளிறி இருக்கிற பகுதி மெத்துன்னு இருக்கும், பக்கத்துல இருக்கிற அடர் கோடு நல்லா கெட்டியா இருக்கும். நகத்தால அழுத்தினாலே வித்தியாசம் தெரியும். வெயில் மழைல வருஷக்கணக்கா கெடக்கிற பலகைல அந்த மெத்துன்னு இருக்கிற பகுதிதான் மொதல்ல அரிச்சு போகுது, கெட்டி கோடு மேடா நின்னுடுது, நம்ம கண்ணு 'பழசு'ன்னு புடிச்சுக்கிறது அந்த மேடு பள்ளத்ததான். கலர் அதுக்கு அப்புறம்தான். அமெரிக்க வனத்துறையோட மர ஆராய்ச்சிக் கூடம் குடுக்கிற கணக்குப்படி பைன் மாதிரி மரம் வெளில கெடந்தா 100 வருஷத்துக்கு சுமார் 6 மில்லிமீட்டர்தான் தேயும். அதுல ஒரு மில்லிமீட்டர் ஆழம் வந்தாலே நமக்கு போதும், அத பிரஷ் ஒரு சாயங்காலத்துல குடுத்துடும்.

ரப்பர் மரப் பலகை, அதான் சின்ன சின்ன துண்ட விரல் கோத்த மாதிரி ஒட்டி விக்கிறாங்களே, பைன விட கெட்டி, வெலையும் கட்டுப்படி ஆகும், ஆனா இந்த வேலைக்கு சுத்தமா லாயக்கில்ல. மரம் முழுக்க ஒரே சீரான கெட்டி, பிரஷ் போட்டா மேடு பள்ளம் வராது, வெறும் கீறல்தான் விழும். அதுவும் இல்லாம துண்டு துண்டா ஒட்டினது பளிச்னு தெரியுது, அந்த காலத்துல எவன் அப்படி ஒட்டினான். தேக்குல ஓரளவுக்கு வரும், ஆனா தேக்கு வாங்குற காசு இருந்தா அத தேக்காவே வெச்சுக்கலாமே, அது மேல எதுக்கு கம்பி போடணும்.

பைன் எங்கன்னா, மரக்கடைல புது ரீப்பரும் பலகையும் கெடைக்கும், பெருசா சீப் இல்ல. சீப்பா வேணும்னா பேக்கிங் பலகை. ஸ்ரீபெரும்புதூர், அம்பத்தூர் பக்கம் கம்பெனிங்களுக்கு மெஷின் வர்ற பெட்டி, பேலட் எல்லாம் பிரிச்சு விக்கிற கடைங்க இருக்கு. அங்க வாங்குறதா இருந்தா பலகைல சூடு போட்ட முத்திரைய பாருங்க. வெளிநாட்டு மரப் பேக்கிங்ல கோதுமைக் கதிர் படம் போட்டு பக்கத்துல எழுத்து இருக்கும், 'HT'ன்னா சூடு பண்ணி பூச்சிய கொன்னது, தைரியமா எடுக்கலாம். 'MB'ன்னா மெத்தில் புரோமைடு கேஸ் அடிச்சது, அது வீட்டுக்குள்ள வேணாம், கிச்சனுக்கு வேணவே வேணாம். முத்திரையே இல்லன்னா எங்கேர்ந்து வந்துதோ என்ன கொட்டினானோ, நான் எடுக்க மாட்டேன்.

சரி பிரஷ். நான் வாங்கினது மூணு வகை, மூணும் சென்னை பாரிஸ் கார்னர் செம்புதாஸ் தெருவுல. கைல தேய்க்கிற இரும்பு கம்பி பிரஷ் அறுபது ரூபா சொச்சம், பெயின்டர்ங்க துரு சுரண்ட வெச்சிருப்பாங்களே அதே. டிரில்ல மாட்டுற கப் பிரஷ் நூத்தம்பது ரூபா வாக்குல. அப்புறம் நைலான் முடிக்குள்ள உப்புத்தாள் பொடி கலந்த மாதிரி ஒரு பிரஷ், இது கொஞ்சம் வெலை, நானூறு கிட்ட.

கைப் பிரஷ்ஷ மட்டும் வெச்சு ஒரு முழு ஷெல்ஃப் தேய்க்கலாம்னு நெனைக்காதீங்க, தோள்பட்டை கழண்டுடும். ஆனா வாங்கத்தான் வேணும், ஏன்னா மூலை, விளிம்பு, கணு சுத்தி இருக்கிற இடம் எல்லாம் மெஷின் போகாது. கப் பிரஷ்தான் இந்த மொத்த விமர்சனத்துல ஹீரோ. ரேகை போற வாட்டத்துலயே நீளமா இழுக்கணும், குறுக்க ஒரு தடவ போனாலும் அந்த கீறல் பின்னாடி கலர் போடும்போது கருப்பா காட்டிக் குடுத்துடும். அழுத்தவே கூடாது, மெஷின் வெயிட்டே போதும். மொதல் ரெண்டு இழுப்புல ஒண்ணும் ஆகாத மாதிரி இருக்கும், அப்புறம் பாத்தா ரேகை அப்படியே எழும்பி வர ஆரம்பிக்கும், கையால தடவிப் பாத்துட்டே இருக்கலாம் போல இருக்கும். அதுக்கு மேல நைலான் பிரஷ் போட்டா நார் நாரா துருத்திட்டு நிக்கிறதெல்லாம் சுத்தமாகி ஒரு மழமழப்பு வரும், மேடு பள்ளம் அப்படியே இருக்கும். டப்பா வைக்கிற ஷெல்ஃபுக்கு இது இல்லாமலும் ஓட்டலாம், உக்கார்ற பெஞ்சுக்கு கட்டாயம் வேணும், இல்லன்னா சிம்பு குத்தும்.

ஆங்கிள் கிரைண்டர்ல இதே கப் பிரஷ் மாட்டி பண்ணலாமேன்னு கேப்பீங்க. வேகமா ஆகும், உண்மைதான், ஆனா சின்ன கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து வரைக்கும் போகும், சாதா டிரில் 3,000 கிட்டதான். அந்த வேகத்துல பிரஷ்லேர்ந்து கம்பி பிச்சுகிட்டு ஊசி மாதிரி பறக்கும், பைன் மாதிரி மெத்துன்னு இருக்கிற மரத்துல ஒரு செகண்ட் நின்னா குழியே விழுந்துடும். பழக்கம் இருக்கிறவங்க பண்ணிக்கோங்க. டிரில்லா இருந்தாலும் கண்ணாடி போட்டே ஆகணும், பவர் கண்ணாடி பத்தாது, சைடும் மூடுற சேஃப்டி கண்ணாடி. மாஸ்க்கும் போடுங்க. தூசி எக்கச்சக்கமா வரும், ஃபிளாட்ல இருக்கிறவங்க பால்கனில பண்ணி கீழ் வீட்டு மாமியோட காயப்போட்ட புடவைல விழ வெச்சுடாதீங்க, மொட்டை மாடிக்கு போயிடுங்க.

எங்க ஏரியா ஆசாரி, பெஞ்சுக்கு கால் அடிக்க வந்தவர், நான் தேய்ச்சு வெச்சிருந்த பலகைய பாத்துட்டு ரொம்ப வருத்தப்பட்டார். "ஏம்மா, இழைச்சு வந்த பலகைய இப்படி பாழாக்கிட்டீங்களே, குடுங்க, நான் இழைப்புளி போட்டு சரி பண்ணித் தரேன்"னார். கெஞ்சித்தான் தடுத்தேன்.

இப்ப கலர். இங்கதான் கடை கடையா காச புடுங்குறாங்க, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

பழைய மரம் சாம்பல் ஆகுறது எப்படின்னா, வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் மரத்துக்குள்ள பசை மாதிரி இருக்கிற லிக்னின ஒடைச்சு விட்டுடுது, மழை வந்து அத கழுவி விடுது, மிச்சம் நிக்கிறது வெளுத்த நார், அது மேல கொஞ்சம் பூஞ்சை, எல்லாம் சேர்ந்து சாம்பல். அந்த சாம்பல் தோல் ரொம்ப மெல்லிசு, உள்ள மரம் புதுசாவேதான் இருக்கும். வீட்டுக்குள்ள அத்தன நாள் காத்திருக்க முடியாது, அதனால எல்லாரும் பண்றது ஒரே தந்திரம்: மரத்துல இருக்கிற டானினும் (துவர்ப்புச் சத்து) இரும்பும் சேர்ந்தா கருக்கும். அருவாமனைல வாழைக்காய் நறுக்கினா கை கருக்குதே, அதே வேலைதான்.

யூடியூப்ல எல்லாரும் காட்டுறது ஸ்டீல் உல்லும் வினிகரும். மளிகைக் கடை வெள்ளை வினிகர் அரை லிட்டர் அம்பது ரூபாக்குள்ள, அதுல ஸ்டீல் உல் ஊறப் போட்டா இரும்பு கரைஞ்சு ஒரு தண்ணி கெடைக்கும். இதுல ரெண்டு விஷயத்த நம்ம ஊர் வீடியோக்காரங்க சொல்றதே இல்ல. ஒண்ணு, பாத்திரம் தேய்க்கிற பளபள ஸ்க்ரப்பர் போட்டா கரையாது, அது துருப்பிடிக்காத ஸ்டீல், மாசக்கணக்கா வெச்சாலும் அப்படியே முழிச்சுட்டு இருக்கும். பாலிஷ் போடுறவங்க யூஸ் பண்ற சாதா ஸ்டீல் உல் கேளுங்க, ஹார்ட்வேர் கடைல 0000 கிரேடுன்னு கேட்டா எடுத்துக் குடுப்பாங்க, அதையும் சோப்பு போட்டு எண்ணெய் போக கழுவிட்டு போடணும். அது கெடைக்கலன்னா லேத் பட்டறைல இரும்புத் துருவல் ஒரு பிடி கேட்டா சும்மாவே குடுப்பாங்க. ரெண்டு, பாட்டில் மூடிய இறுக்கி மூடாதீங்க, இரும்பும் ஆசிடும் சேர்ந்தா ஹைட்ரஜன் கேஸ் வரும், பாட்டில் உப்பி வெடிக்கும்.

இந்த தண்ணி நல்லாத்தான் வேலை செய்யுது, ஆனா வெறும் பைன் மேல தடவினா சாம்பலுக்கு பதிலா ஒரு துருப்பிடிச்ச பழுப்பு வருது. காரணம் சிம்பிள், பைன்ல டானினே ரொம்ப கம்மி. கருவேல மரமா இருந்தா தடவின ஒடனே கருத்துடும், அது பட்டையெல்லாம் தோல் பதனிடுறதுக்கே போகுற மரம். அதனால பைனுக்கு டானின நாமதான் வெளிலேர்ந்து குடுக்கணும். வெள்ளைக்காரங்க வீடியோல டீத்தூள் டிகாஷன் தடவுவாங்க. நானும் டீ தடவி பாத்தேன், பரவால்ல, லேசான சாம்பல் வருது, திட்டு திட்டா. அதுக்கப்புறம்தான் கடுக்காய்.

கடுக்காய்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு டானின்தான். திண்டுக்கல், ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்ல ஆவாரம்பட்டையோட இதத்தான் காலங்காலமா போட்டு பதனிட்டாங்க. கலம்காரி துணி போடுறவங்க துணிய மொதல்ல கடுக்காயும் பாலும் கலந்து நனைச்சு காயவெச்சுட்டு, பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணில வாரக்கணக்கா புளிக்க வெச்சு எடுத்த தண்ணிய தொட்டு கோடு போடுவாங்க, தொட்ட எடத்துல கருப்பு புடிச்சுக்கும். நம்ம பலகைக்கு பண்றதும் அச்சு அசல் அதேதான், துணிக்கு பதில் மரம். இவ்ளோ வெவரம் தெரிஞ்ச ஊர்ல உக்காந்துட்டு பாட்டில் ஆர்டர் போட்டுட்டு இருக்கோம்.

ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்து கடைங்கள்ல கடுக்காய் பொடி 100 கிராம் நாப்பது ரூபா பக்கம், எந்த ஊர் நாட்டு மருந்து கடைலயும் கெடைக்கும். ஒரு லிட்டர் தண்ணில ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் போட்டு கொதிக்க வெச்சு, ஆறினதும் வெள்ளைத் துணில வடிகட்டிக்கோங்க. வடிகட்டாம தடவினா பொடி ரேகைப் பள்ளத்துல உக்காந்து அங்கங்க கரும்புள்ளியா நிக்கும். பலகை முழுக்க பிரஷ்ல தடவி நல்லா காயவிடணும், இப்ப பாத்தா ஒரு மஞ்சப் பழுப்பு தவிர ஒண்ணும் தெரியாது, பயப்பட வேணாம்.

அதே கடைலயே அன்னபேதியும் கேளுங்க. இது இரும்பு சல்பேட், கெமிஸ்ட்ரி படிச்சவங்களுக்கு பெரஸ் சல்பேட், வினிகர் ஸ்டீல் உல் எதுவும் ஊற வைக்கிற வேலையே இல்ல, தண்ணில போட்டா கரைஞ்சுடும். அந்த காலத்து பேனா மையே மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்து காய்ச்சினதுதான். வாங்கும்போது வெளிர் பச்சையா இருக்கான்னு பாத்து வாங்குங்க, மஞ்சளா பழுப்பா பூத்துப் போயிருந்தா பழைய சரக்கு, அதுல துருக் கலர்தான் வரும். செடிக்கு போடுறதுக்குன்னு உரக்கடைலயும் இதே சாமான் இருக்கும். நாட்டு மருந்து கடைல வாங்கினதால வாய்ல போடலாம்னு யாரும் நெனைச்சுடாதீங்க, சித்த மருந்துல சேக்கும்போது சுத்தி பண்ணித்தான் சேப்பாங்க, குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க.

ஒரு லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் அளவுல ஆரம்பிங்க, அதுக்கு மேல வேணாம். கடுக்காய் காஞ்ச பலகை மேல இத தடவின ஒடனே கண்ணு முன்னாடியே சாம்பலா மாறும், ஒரு அஞ்சு பத்து நிமிஷத்துல இன்னும் இறங்கும். ஸ்டாங்கா போட்டா கன்னங்கரேல்னு ஆகிடும், அது பழைய மரம் இல்ல, அடுப்பங்கரை சுவர். எப்பவும் வெட்டி மிச்சமான துண்டுல போட்டு பாத்துட்டு பெரிய பலகைல கை வைங்க, பலகைக்கு பலகை வித்தியாசம் வருது, ஒரே கட்டுல வந்த ரெண்டு பலகையே ஒரே மாதிரி புடிக்கல. பிரஷ் போட்ட பலகைக்கும் போடாத பலகைக்கும் இது ஒரே தண்ணிதான், ஆனா போடாததுல பெயின்ட் அடிச்ச மாதிரி தட்டையா இருக்கு, போட்டதுல மேட்டுல ஒரு ஷேடு, பள்ளத்துல ஒரு ஷேடு. ரெண்டையும் பக்கத்துல வெச்சு யாருக்கு காட்டினாலும் பிரஷ் போட்டததான் நெசமாவே பழசான்னு கேக்குறாங்க.

கடலோர வீட்டு மரம் மாதிரி வெளுத்த லுக் வேணும்னா, இதெல்லாம் காஞ்சப்புறம் வீட்ல மிச்சமிருக்கிற வெள்ளை எமல்ஷன ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி விட்டு தடவி, காயறதுக்குள்ள பழைய துணியால தொடச்சு எடுத்துடுங்க. பள்ளத்துல மட்டும் வெள்ளை தங்கும்.

கவனம், அன்னபேதி தண்ணி, வினிகர் தண்ணி ரெண்டுமே மொசைக், மார்பிள், வாசக்கல் எதுல சொட்டினாலும் கறை லேசுல போகாது, வினிகர் பளபளப்பையும் அரிச்சுடும். வாடகை வீடுன்னா அட்வான்ஸ்ல கழிச்சுடுவாங்க. பலகைல கருப்பு அதிகமாயிடுச்சுன்னா மட்டும் வழி இருக்கு, கெமிக்கல் கடைல ஆக்சாலிக் ஆசிட் தூள் வாங்கி தண்ணில கரைச்சு தடவினா இரும்புக் கறை வெளுத்துடும், கையுறை இல்லாம தொடாதீங்க, அது விஷம்.

இப்ப அந்த பாட்டில். பேரு வேணாம். ரெண்டாயிரம் ரூபா கிட்ட ஆச்சு, வெளிநாட்டு சரக்குன்னு ஷிப்பிங் தனி. லேபிள்லயே பொடி எழுத்துல போட்டிருக்கான், மரத்துல இருக்கிற டானினோட சேர்ந்து வேலை செய்யும்னு. அதாவது நம்ம அன்னபேதி தண்ணியோட பணக்கார சொந்தக்காரன். வெறும் பைன்ல தடவினா போட்டோல காட்டின வெள்ளி சாம்பல் வரல, நீலம் கலந்த ஒரு திட்டுதான் வந்துச்சு. கடுக்காய் தண்ணி மேல தடவினா அழகா வருது, ஆனா கடுக்காய் தண்ணி மேல எது தடவினாலும்தான் அழகா வருதே. ஒரு நல்ல விஷயம் சொல்லணும்னா, கலர் எல்லா பலகைலயும் ஒரே சீரா இருக்கு, அளக்கிற வேலை இல்ல. நெறைய பலகைய ஒரே ஷேடுல பண்ணி விக்கிற தொழில் பண்றவங்களுக்கு சரியா வரலாம். வீட்டுக்கு ஒரு ஷெல்ஃப் பண்ற நமக்கு அதே காசுல பலகையே வாங்கிடலாம்.

பெயின்ட் கடைல சின்ன பாட்டில்ல விக்கிற ஸ்டெய்னர், கருப்பையும் பழுப்பையும் தண்ணில கலந்து அடிக்கிறதும் சிலர் சொன்னாங்க. வெலை ஒண்ணுமே இல்ல, ஆனா கலர் மரத்து மேல உக்காருது, மரமே மாறின மாதிரி இல்ல. ஸ்கூல் டிராமா செட்டுக்கு ஓகே.

கேஸ் டார்ச் வெச்சு எரிக்கிறது இன்னொரு வழி. ஜப்பான்ல சுகி மரப் பலகைய மேலாக்க கருக்கி வீட்டு வெளிச்சுவருக்கு அடிப்பாங்க, யாகிசுகின்னு பேரு, அங்கேர்ந்து வந்தது. பியூட்டேன் கேன் மேல மாட்டுற டார்ச் ஐநூறு ரூபா பக்கம், கேன் தனி. மெத்துன்னு இருக்கிற பகுதி சீக்கிரம் கருகுறதால எரிச்சுட்டு கம்பி பிரஷ் போட்டா ரேகை சீக்கிரம் எழும்புது, கை வலி பாதி மிச்சம். ஆனா வர்ற கலர் காபிக் கலர், சாம்பல் இல்ல, கொஞ்சம் அசந்தா தீஞ்ச தோசை மாதிரி ஆகிடும், அதோட பைன்ல பிசின் இருக்கிற கணு பொசுக்னு தீ புடிக்கும். பக்கத்துல ஒரு பக்கெட் தண்ணி வெச்சுட்டு மொட்டை மாடில மட்டும் பண்ணுங்க. காபிக் கலர் பிடிக்கிறவங்களுக்கு நான் சிபாரிசு பண்ணுவேன், எனக்கு வேண்டியது அது இல்ல.

அடுத்தது அடி ஒதை. சங்கிலியால அடிக்கிறது, சாவிக் கொத்த வீசுறது, ஸ்க்ரூ டிரைவரால குத்துறதுன்னு வீடியோல காட்டுவாங்க, பாக்க ஜாலியா இருக்கும். நூத்துக்கு தொண்ணூறு பேர் இதுல ஓவரா போயி பலகைய கொலை பண்ணிடறாங்கன்னு நெனைக்கிறேன். பழைய சாமான் எங்க தேயும்னு பாருங்க. பெஞ்சுன்னா முன் விளிம்பு, தொடை படுற எடம். ஷெல்ஃப்னா கை போற ஓரம். கதவுன்னா தாழ்ப்பாள் பக்கம், கீழ் மூலை. நடுப் பலகைல எவனும் சங்கிலி வெச்சு அடிச்சிருக்க மாட்டான். அதனால விளிம்ப மட்டும் உளியால லேசா ஒடச்சு, உப்புத்தாள் போட்டு அங்கங்க உருட்டி விட்டா போதும், எல்லா மூலையும் ஒரே அளவுல உருண்டா அதுவும் பொய்தான்னு தெரிஞ்சுடும்.

பூச்சி ஓட்டை போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. நெசமான ஓட்டை ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் வட்டம், அதுவும் ஒரே எடத்துல கூட்டமா இருக்கும், மரத்தோட வைரம் பாய்ஞ்ச பகுதிய விட்டுட்டு வெளுத்த பக்கமா இருக்கும். டிரில் வெச்சு அளந்து வரிசையா போட்டா புல்லாங்குழல்னுதான் நெனைப்பாங்க. நான் போடவே இல்ல. பூச்சி ஓட்டைய பாத்தா வீட்டுக்கு வர்ற பெரியவங்க மண்ணெண்ணெய் தேடுறாங்க.

ஆனா ஆணி ஓட்டை போடுங்க, அது அருமையான வேலை. பழைய மரத்துல இரும்பு ஆணி இருந்த எடத்த சுத்தி கருப்பா ஒரு வளையம் இருக்கும், கவனிச்சிருப்பீங்க, அதுவும் இதே இரும்பு டானின் சங்கதிதான். ஆணிய அடிச்சு புடுங்கிட்டு, காது குடையிற பட்ஸ அன்னபேதி தண்ணில தொட்டு அந்த ஓட்டைல வெச்சு எடுத்தா வளையம் அப்படியே வந்துடும். அஞ்சு பைசா செலவில்ல, இத்தன சாமான்ல பாக்குறவங்க நம்புறதுக்கு அதிகம் உதவினது இதுதான். நம்புறதுன்னா வீட்டுக்கு வர்றவங்க, வேற எதுவும் இல்ல. இத பண்ணி 'தாத்தா காலத்து பெஞ்சு'ன்னு ஓஎல்எக்ஸ்ல போடுறவங்களும் இருக்காங்க, அவங்களுக்காக நான் எழுதல.

கடைசியா மேல் பூச்சு. கடைக்காரர் கைக்கு மொதல்ல வர்றது பளபள வார்னிஷ்தான், "நல்ல ஷைனிங் வரும் மேடம்"னு சொல்லுவார், அத வாங்கினா இதுவரைக்கும் பண்ண எல்லாம் போச்சு. 'மேட்'னு, அதாவது பளபளப்பு இல்லாததா கேட்டு வாங்குங்க, தண்ணில கலக்குற வகையா பாருங்க, எண்ணெய் கலந்தது சாம்பல மஞ்சளாக்கிடும். கிச்சன் ஷெல்ஃபுக்கு தண்ணி வகை மேட் ரெண்டு கோட்டு போட்டேன், எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சாலும் ஈரத் துணில தொடச்சா போகுது. பெஞ்சுக்கு தேன்மெழுகும் லின்சீட் ஆயிலும் கலந்து தேய்ச்சேன், கலர் ஒரு ஷேடு இறங்கிச்சு, ஆனா கைக்கு நல்லா இருக்கு. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, லின்சீட் ஆயில் நனைஞ்ச துணிய சுருட்டி மூலைல போட்டா தானாவே சூடாகி தீப்பிடிக்கும், மெட்ராஸ் வெயில்ல கேக்கவே வேணாம். தண்ணில ஊறப் போட்டு, இல்ல விரிச்சு காயப் போட்டு அப்புறம் குப்பைல போடுங்க.

மார்க் போடணும்னா: டிரில் கப் பிரஷ் அஞ்சுக்கு அஞ்சு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நாலரை, அளவு பழகுற வரைக்கும் கொஞ்சம் படுத்தும், அதுக்கு அரை மார்க் கட். நைலான் பிரஷ் நாலு. வினிகர் ஸ்டீல் உல் மூணு, நாத்தத்துக்கு ஒண்ணு கொறைச்சுட்டேன். டார்ச் மூணு. ரெண்டாயிரம் ரூபா பாட்டில் ரெண்டு, அந்த ரெண்டும் ஒரே சீரா கலர் வர்றதுக்கு. ஸ்டெய்னர் ஒண்ணு.

ஒண்ணு விட்டுப் போச்சு. பால்கனி ஸ்டாண்டு, தொட்டி வைக்கிற பலகைன்னு வெளில வெயில் படுற எடத்துக்கு பண்றதா இருந்தா கலர் சாமான் எதுவுமே வாங்காதீங்க. கப் பிரஷ் மட்டும் போட்டுட்டு மேல் பூச்சு இல்லாம வெளில போட்டுடுங்க. சித்திரை வெயில்ல மொதல்ல பழுப்பாகும், அப்ப பாத்துட்டு இது ஏமாத்து வேலைன்னு என்ன திட்டாதீங்க, ஐப்பசி கார்த்திகை மழைல நல்லா நனைஞ்சு எழுந்தப்புறம் சாம்பல் தானா வரும். வருஷா வருஷம் அடில கரையான் வருதான்னு மட்டும் திருப்பிப் பாத்துக்கோங்க, பைன் அதுங்களுக்கு ரொம்ப இஷ்டம்.